தடுப்பூசிப் பதிவுக் குழப்பங்கள்: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகளின் தடுப்பூசிப் பதிவுகளைக் கணினியில் ஏற்றிச் சரிபார்க்கும் வேலையில் சேலம் பக்கம் சில வருடங்கள் இருந்தேன். புதன்கிழமை ஊசி போடும் இடங்களில் பெற்றோர்கள் கேட்டவை, வேலைக்குப் புதிதாக வந்த செவிலியர்கள் கேட்டவை, எனக்கே எழுந்த சந்தேகங்கள் எல்லாம் இதில் இருக்கின்றன. எந்த ஊசியை எப்போது போட வேண்டும் என்பதற்கு மருத்துவரைக் கேளுங்கள். இங்கே பேசப்போவது போட்ட ஊசியின் பதிவைப் பற்றி மட்டும்.

அட்டைதான் கையில் இருக்கிறதே, கணினியில் வேறு எதற்கு ஏற்ற வேண்டும்?

அட்டை இருக்கிற வரைக்கும் சரிதான். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் ஒரு அட்டையைப் பார்த்தேன். ரேஷன் கார்டோடு சேர்த்துப் பாலிதீன் பையில் சுருட்டிக் கூரைச் சட்டத்தில் செருகி வைத்திருந்தார்கள். ஐப்பசி மழையின் ஈரம் எப்படியோ பைக்குள் போய்விட்டது. நீல மை பரவி, மூன்றாவது பென்டா (ஐந்து நோய்க்கான கூட்டு ஊசி) கட்டத்தில் மாதம் மட்டும் தெரிந்தது, நாள் தெரியவில்லை. அதற்கடுத்த கட்டத்தில் எழுத்தே இல்லை, வெறும் நீலக் கறை. “எல்லாம் போட்டாச்சுங்க, கடைசி ஊசிக்கு ராத்திரி பூரா அழுதா” என்றார் அம்மா. அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எந்த ஊசிக்கு அழுதாள் என்பது அந்த அட்டையில் இல்லை.

அம்மாவின் நினைவை மட்டும் நம்புவதில் உள்ள சிக்கல் தேசியக் கணக்கிலேயே தெரியும். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், அட்டையையோ தாயின் சொல்லையோ வைத்துப் பார்த்தபோது இந்தியாவில் 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் 76.4 சதவீதம் பேர் முழுத் தடுப்பூசி பெற்றவர்கள். அட்டை இருந்த குழந்தைகளை மட்டும் எடுத்தால் 83.8 சதவீதம். அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கும் வீட்டில் ஊசியும் ஒழுங்காகப் போடப்பட்டிருக்கும் என்பது ஒரு காரணம். எதைச் சான்றாக எடுக்கிறோமோ அதைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது என்பது இன்னொன்று. கணினிப் பதிவு என்பது அட்டையின் இரண்டாவது பிரதி. ஒன்று நனைந்தால் இன்னொன்று இருக்கும்.

பதிவின் தரம் என்று சொல்கிறீர்களே, அது என்ன?

போட்டதெல்லாம் ஏறியிருக்க வேண்டும். ஏறியதெல்லாம் உண்மையாகப் போட்டதாக இருக்க வேண்டும். அடுத்த ஊசிக்கு முன்பே ஏறியிருக்க வேண்டும், ஆறு மாதம் கழித்து ஏற்றிப் பிரயோசனமில்லை. ஒரு குழந்தைக்கு ஒரே பதிவு இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் நம் ஊரில் ரொம்பக் கஷ்டம்.

அப்படி எந்த இடத்தில்தான் தப்பு நுழைகிறது?

ஊசி போடும் இடத்தில் குறைவு, குழந்தை இடம் மாறும் இடத்தில் அதிகம்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊர் ஓமலூர், பிறந்த ஊர் மலை மேல். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்துவிடுகிறாள். பிரசவம் கீழே சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில். காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ்-பி ஆகிய பிறப்பு நேரத்து மருந்துகள் அங்கே. ஆறாவது வாரமும் பத்தாவது வாரமும் மலையில் துணை சுகாதார நிலையத்தில். பிறகு நல்ல நாள் பார்த்துப் புகுந்த வீட்டுக்குப் போகிறாள், பதினான்காவது வார ஊசி ஓமலூர்ப் பக்கம். மூன்று இடம், மூன்று நோட்டு. மலை நர்ஸம்மாவின் பட்டியலில் இந்தக் குழந்தை ‘மூன்றாவது டோஸ் வரவில்லை’. ஓமலூர் நர்ஸம்மாவின் பட்டியலில் ‘முதல் இரண்டு டோஸ் தெரியவில்லை’. குழந்தைக்கோ எல்லாம் போட்டாகிவிட்டது.

பெயர் அடுத்த தலைவலி. ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு இன்னும் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். அம்மா பெயரைப் போட்டு இன்னாரின் குழந்தை என்றே பதிவார்கள். மூன்றாம் மாதம் யாழினி என்று பெயர் வைத்தபின், ஆங்கிலத்தில் ‘ழ’வுக்கு ஒருவர் ‘இசட் எச்’ போடுவார், இன்னொருவர் ‘எல்’ போடுவார். இனிஷியல் சில நேரம் முன்னால், சில நேரம் பின்னால், சில நேரம் இல்லவே இல்லை. கணினிக்கு இவர்கள் நான்கு குழந்தைகள்.

தேதிக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 2024 ஏப்ரல் 24 அன்று ஒரு குழந்தை பிறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக ஆறு வாரம் கழித்து ஜூன் 5 அன்று முதல் பென்டா. அட்டையில் 05/06/2024 என்று இருக்கிறது. மாதத்தை முதலில் வைக்கும் அமைப்பில் உள்ள மென்பொருளில் அதை அப்படியே தட்டினால் மே 6 ஆகிவிடும். அன்றைக்குக் குழந்தைக்கு வயது 12 நாள். ஆறு வார வயதுக்கு முன் போட்ட பென்டா கணக்கில் சேராது என்பதால் அமைப்பு அந்த டோஸைத் தள்ளிவிடும். ஒழுங்காக ஊசி போட்ட குழந்தை ‘ஊசி போடாதவள்’ ஆகிவிட்டாள். இதைப் பிடிக்க எங்களுக்கு ஒரு நாட்டுவழி இருந்தது: கிழமையைப் பார்ப்பது. தமிழ்நாட்டில் கிராமங்களில் தடுப்பூசி நாள் புதன்கிழமை. 2024 ஜூன் 5 புதன், மே 6 திங்கள். துணை சுகாதார நிலையத்துப் பதிவில் திங்கட்கிழமை தலைகாட்டினால் உடனே அட்டையைக் கேட்போம்.

தனியார் டாக்டரிடம் போட்டால் அரசுப் பதிவில் வருமா?

தானாக வரும் என்று நம்பியிருக்காதீர்கள். சேலம் நகரத்தில் நிறையக் குழந்தைகள் பாதி அங்கே பாதி இங்கே போட்டுக்கொள்கிறார்கள். தனியார் கிளினிக் கொடுக்கும் சின்னப் புத்தகத்தில் மருந்தின் பிராண்டு பெயர் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். அரசு அட்டையில் இருப்பதோ பென்டா, எஃப்.ஐ.பி.வி. (போலியோ ஊசி), எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா ஊசி) என்ற பெயர்கள். தனியாரில் போடும் ஆறு நோய்க்கான கூட்டு ஊசியில் பென்டாவின் ஐந்தும் போலியோ ஊசியும் சேர்ந்தே இருக்கின்றன. எம்.எம்.ஆர். போட்டால் எம்.ஆர். உள்ளடங்கிவிட்டது, கூடவே புட்டாளம்மைக்கும் பாதுகாப்பு. இது தெரியாமல் பெயரை மட்டும் ஒப்பிட்டால், போட்ட ஊசி போடாததாகத் தெரியும். அதனால் இரண்டு தரப்பும் தகவலைப் பகிரும்போது பிராண்டு பெயரை அனுப்பினால் போதாது. அது எந்தெந்த நோய்க்கு என்ற பொதுக் குறியீடும் கூடவே போக வேண்டும்.

அதுவரைக்கும் ஒரு எளிய வழி: தனியார் புத்தகத்தையும் அரசு அட்டையையும் ஒரே பையில் வையுங்கள். எங்கே போனாலும் இரண்டையும் நீட்டுங்கள்.

மலையில் சிக்னலே கிடைக்காதே, அங்கே கணினிப் பதிவு எப்படி?

சேர்வராயன் மலையை டவுனில் இருந்து பார்ப்பவர்களுக்கு ஏற்காடு என்றால் ஏரியும் கொண்டை ஊசி வளைவுகளும்தான். அந்த ஏரியைத் தாண்டி உள்ளே போனால் காபித் தோட்டங்களுக்கும் சில்வர் ஓக் மரங்களுக்கும் நடுவே ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடி மக்கள். (கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.)

புதன்கிழமை காலை நர்ஸம்மா ஐஸ் பேக் வைத்த பெட்டியோடு வருகிறார். அங்கன்வாடித் திண்ணையில் உட்கார்ந்து குழந்தைகளுக்கு ஊசி போடுகிறார், அட்டையில் எழுதுகிறார், தன் நோட்டில் எழுதுகிறார். கைபேசியில் ஏற்றப் பார்த்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் சாயங்காலம் இறங்கும்போது சிக்னல் கிடைக்கும் ஒரு வளைவில் நின்றோ, மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயோ ஏற்றுவார். தப்பு இங்கேதான் பிறக்கும். ஏற்றுகிற தேதியே ஊசி போட்ட தேதியாகப் பதிவாகிவிடும். ஒரு தடவை ஒரு ஊரின் குழந்தைகள் அத்தனை பேருக்கும் வெள்ளிக்கிழமை ஊசி போட்டதாக இருந்தது. வெள்ளிக்கிழமை அந்த ஊருக்கு ஊசிப்பெட்டி போகவே இல்லை.

இணைப்பு இல்லாதபோதும் பதிந்து வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்புகிற மாதிரி செயலி இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். ‘ஊசி போட்ட தேதி’, ‘பதிந்த தேதி’ என்று இரண்டு கட்டம் தனித்தனியாக வைத்தால் மீதியும் தீரும். ஒரே கட்டம் வைத்துவிட்டு நர்ஸம்மாவைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை.

காபி பழம் பறிக்கும் காலத்தில், கார்த்திகையில் இருந்து தை வரைக்கும், இன்னொரு சிக்கல். குடும்பத்தோடு வேறு தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். வீடு பூட்டியிருக்கும், பதிவில் ‘வரவில்லை’ என்று விழும். குழந்தை பக்கத்துத் தோட்டத்தில் அந்த ஊர் செவிலியரிடம் ஊசி போட்டுக்கொண்டிருக்கலாம்.

சரி, தகவலைப் பகிர்ந்துகொண்டால் மட்டும் தரம் எப்படிக் கூடும்? தப்பான தகவலைப் பகிர்ந்தால் தப்புதானே பரவும்?

நல்ல கேள்வி. பரவும்தான். ஆனால் ஒரு நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதில் உள்ள தப்பைக் கண்டுபிடிக்கவே முடியாது. இரண்டு நோட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

ஆஸ்பத்திரிப் பிரசவப் பதிவேட்டையும் துணை சுகாதார நிலையப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில குழந்தைகள் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பார்கள். சிலர் ஒன்றில் மட்டும் இருப்பார்கள். சிலர் இரண்டிலும் இருப்பார்கள், ஆனால் தேதி வேறு, பெயர் வேறு. இந்த மூன்றாவது கூட்டம்தான் முக்கியம். ஹெபடைடிஸ்-பி முதல் டோஸைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் அதைச் சரியாகப் போட்டிருப்பார்கள், பிரசவ அறை நோட்டில் மட்டும் இருக்கும். அந்தத் தகவல் துணை சுகாதார நிலையத்துக்கு வந்து சேராததால் ஊரில் ‘போடவில்லை’ என்றே இருக்கும். ஒப்பிட்ட அன்றைக்கே இது வெளியே வந்துவிடும்.

மருந்து இருப்போடு ஒப்பிடுவதும் அப்படித்தான். தடுப்பூசி இருப்பைக் கண்காணிக்க ‘ஈவின்’ என்ற மின்னணு அமைப்பு இருக்கிறது. பத்து டோஸ் பென்டா குப்பி இரண்டுதான் ஒரு முகாமுக்குப் போனது, பதிவில் 26 குழந்தைகளுக்குப் போட்டதாக இருக்கிறது என்றால், எங்கோ ஏதோ உதைக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். பகிர ஆரம்பித்த முதல் சில மாதங்களில் கணக்கு மோசமாகத்தான் தெரியும். இரட்டைப் பதிவுகள் கழியும், வயது பொருந்தாத டோஸ்கள் வெளியே வரும், சதவீதம் இறங்கும். மாதாந்திரக் கூட்டத்தில் யாராவது சத்தம் போடுவார்கள். அதற்குப் பயந்து பழைய எண்ணையே திரும்பக் கொடுத்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால், எண் இறங்கிய மாதத்தில் அந்த அலுவலகத்தைத் திட்டாமல் இருப்பதுதான் எந்த மென்பொருளையும்விட அதிகம் உதவும்.

பகிர்வு ஒருவழிப் பாதையாக இருப்பதும் பெரிய குறை. ஊரில் இருந்து மேலே போகிறது, மேலே இருந்து எதுவும் திரும்பி வருவதில்லை. உங்கள் ஊர்க் குழந்தைகளில் இன்னின்னார் வேறு இடத்தில் இந்தத் தேதியில் இந்த ஊசி போட்டுக்கொண்டார்கள் என்ற பட்டியல் வாராவாரம் நர்ஸம்மாவின் கைக்கு வந்தால், வீணாக வீடு வீடாக அலைய வேண்டாம். தனக்குப் பயன்படுகிறது என்று தெரிந்தபின் அவர் ஏற்றும் பதிவும் தானாகச் சுத்தமாகும்.

பிக்மி நம்பர், யூ-வின், ஆபா... இத்தனை எண் எதற்கு?

எனக்கும் சலிப்புதான். பிக்மி என்பது தமிழ்நாடு அரசு கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதிவு செய்யும் அமைப்பு. கர்ப்பம் பதிந்ததும் 12 இலக்க எண் கிடைக்கும், பிறப்புச் சான்றிதழுக்கும் அதைத்தான் கேட்பார்கள். யூ-வின் ஒன்றிய அரசின் தடுப்பூசித் தளம். 2021 ஜனவரியில் கொரோனா ஊசிக்காக வந்த கோவின் மாதிரியைப் பின்பற்றியது. 2023இல் சோதனையாகத் தொடங்கிப் பிறகு நாடு முழுக்க விரிந்தது. க்யூஆர் குறியீட்டோடு மின்னணுச் சான்றிதழ் அதில் கிடைக்கும். ஆபா என்பது 14 இலக்க சுகாதாரக் கணக்கு எண்.

இந்த எண்களை ஒன்றோடொன்று கோப்பதில்தான் பகிர்வின் பாதி வேலை இருக்கிறது. உங்கள் பங்குக்கு, பிக்மி எண்ணை அட்டையின் முன்பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். பெயர் மாறினாலும் ஊர் மாறினாலும் அந்த எண் மாறாது.

என் குழந்தைக்கு இரண்டு பதிவு இருக்கிறது என்கிறார்கள். சேர்த்துவிட வேண்டியதுதானே?

அவசரப்படக் கூடாது. ஒரே குழந்தையை இரண்டாக விட்டால் ஒரு ஊசி கூடுதலாகப் போகலாம், அதனால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. இரண்டு குழந்தைகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டால் ஒருவருக்கு ஊசியே போகாது. இரட்டைக் குழந்தைகள் விஷயத்தில் இது நடக்கும்: பிறந்த தேதி ஒன்று, அம்மா பெயர் ஒன்று, கைபேசி எண் ஒன்று, முகவரி ஒன்று. கணினி இரண்டையும் ஒன்று என்றே சொல்லும். மலையூர்களில் ஒரே பெயர் நாலைந்து பேருக்கு இருப்பதும், ஊருக்கே ஒரு கைபேசி எண்ணைக் கொடுத்து வைத்திருப்பதும் சாதாரணம். அதனால் பிக்மி எண்ணும் பிறந்த தேதியும் பொருந்தினால் சேர்க்கலாம், இரட்டையர் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு. மற்றதெல்லாம் ஆள் பார்த்து, அட்டை பார்த்து, அம்மாவைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சில இடங்களில் 100 சதவீதத்துக்கு மேல் தடுப்பூசி போட்டதாகக் கணக்கு வருகிறதே?

வரும். சேலத்தின் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு நாமக்கல், தருமபுரி என்று சுற்று மாவட்டத்தில் இருந்தெல்லாம் பிரசவத்துக்கு வருகிறார்கள். அவர்கள் குழந்தைகளுக்குப் போடும் பிறப்பு நேர ஊசிகள் இங்கே மேலே, போட்ட ஊசிகளின் எண்ணிக்கையில் ஏறும். கீழே வகுக்கும் எண்ணோ இந்த ஊரில் இத்தனை குழந்தை பிறக்கும் என்ற மதிப்பீடு. பத்துப் பேருக்குச் சமைத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிட்ட கணக்கு. ஊசியைக் குழந்தை வசிக்கும் ஊரோடு சேர்த்து எண்ணினால் சரியாகிவிடும். அதற்கு மாவட்டங்களுக்கிடையே தகவல் போய்வர வேண்டும்.

வடமாநிலத்தில் இருந்து வந்து வேலை செய்பவர்களின் குழந்தைகள்?

எந்த மாநிலத்து அட்டையாக இருந்தாலும் ஊசி போடுவார்கள், இலவசம்தான். அட்டை இந்தியிலோ ஒடியாவிலோ இருந்தால் தேதியையும் ஊசியின் பெயரையும் படித்துக்கொள்ளலாம், தேசிய அட்டவணை எல்லோருக்கும் ஒன்றுதான். ஊருக்குத் திரும்பும்போது இங்கே போட்டது அங்கே தெரிய வேண்டும் என்பதுதான் யூ-வின்னின் முக்கியப் பயன்.

அட்டை தொலைந்துவிட்டது. எல்லா ஊசியையும் முதலில் இருந்து போட வேண்டுமா?

முதலில் தேடுங்கள்: பிரசவம் ஆன ஆஸ்பத்திரி, ஊசி போட்ட துணை சுகாதார நிலையத்தின் நோட்டு, யூ-வின். பெரும்பாலும் ஏதாவது ஒன்றில் கிடைத்துவிடும். எங்கேயும் இல்லையென்றால் போடாததாகவே எடுத்துக்கொண்டு, வயதுக்கு ஏற்றபடி மருத்துவர் போடச் சொல்வார். நடுவில் இடைவெளி விழுந்தது மட்டும்தான் பிரச்சினை என்றால் முதலில் இருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்தில் இருந்து தொடரலாம்.

எங்கள் தகவலை யார் யாரெல்லாம் பார்ப்பார்கள்?

பயம் நியாயமானது. 2023 ஜூனில் கோவின் தகவல்கள் டெலிகிராமில் ஒரு பாட் (தானாகப் பதில் தரும் கணக்கு) வழியாகக் கிடைப்பதாகச் செய்தி வந்தது, சுகாதார அமைச்சகம் தளம் உடைக்கப்படவில்லை என்று மறுத்தது. அதே ஆண்டு வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. விலக்குகளும் உண்டு.

நடைமுறையில் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். ஊசி போடும் செவிலியருக்குக் குழந்தையின் ஊசி விவரம் தெரியட்டும், அதற்கு ஆதார் எண் தெரிய வேண்டியதில்லை. மாவட்டக் கணக்குப் பார்ப்பவருக்கு எண்ணிக்கை போதும், பெயர் வேண்டாம். ஊர்ப் பட்டியலைப் பெயரும் கைபேசி எண்ணுமாக வாட்ஸ்அப் குழுவில் படம் எடுத்துப் போடும் பழக்கம் இருக்கிறதே, அதை இன்றைக்கே நிறுத்தலாம். அதற்குச் சட்டம் வர வேண்டிய அவசியமில்லை.

போடாத ஊசியைப் போட்டதாகக் கணினி காட்டுகிறது. என்ன செய்வது?

சும்மா விடாதீர்கள். வரவில்லை என்று காட்டினால் யாராவது தேடி வருவார்கள். போட்டாச்சு என்று காட்டினால் ஒருவரும் வர மாட்டார்கள். தட்டம்மை பரவாமல் இருக்க நூற்றுக்கு 95 பேருக்காவது இரண்டு டோஸ் போயிருக்க வேண்டும் என்கிறார்கள். ஏட்டில் மட்டும் போட்ட குழந்தைகள் ஒரே ஊரில் சேர்ந்திருந்தால் நோய் அங்கேதான் முதலில் பிடிக்கும். பெரும்பாலும் இது கைத்தவறுதான், பட்டியலில் ஒரு வரி தள்ளி ‘டிக்’ விழுந்திருக்கும். இலக்கு முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் நடப்பதும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

திருத்தத்துக்கு யாரிடம் போவது, என்ன கொண்டுபோவது?

உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்கலாம். அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, தனியாரில் போட்டிருந்தால் அந்தப் புத்தகம். டிஸ்சார்ஜ் சீட்டை யாரும் வைத்திருப்பதில்லை, ஆனால் பிறப்பு நேர ஊசிகளுக்குப் பல நேரம் அதுதான் ஒரே சான்று. கைபேசி எண் மாறியிருந்தால் அதையும் சொல்லுங்கள், நினைவூட்டல் செய்தி பழைய எண்ணுக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.

புதன்கிழமை காலையிலேயே போய் நிற்காதீர்கள். குழந்தைகள் வரிசையாக அழுதுகொண்டிருக்கும்போது நர்ஸம்மா உங்கள் தேதியைத் திருத்தப் போனால் இன்னொரு தேதி தப்பாகும். மதியத்துக்கு மேல், பெட்டியை மூடிவிட்டு நோட்டை விரிக்கும் நேரம் பார்த்துப் போங்கள்.